ஹெட்டை இறக்குவதற்கு முன்

லாரி இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் வரும் முதல் பதில் ஒன்றுதான்: "ஹெட்டை இறக்கிப் பார்த்துடலாம்." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போவது அடிக்கடி நடப்பது, அவர் கையும் அந்த வேலைக்குப் பழகியது. ஆனாலும் அந்த வார்த்தையின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தண்ணீர் எந்த வழியாக ஆயிலுக்குள் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்ஜின் முழுசாகப் பூட்டியிருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றிய நிமிடமே தண்ணீர் ஓடும் சுற்று அறுந்துபோகிறது. அப்புறம் அதில் அழுத்தம் ஏற்ற வழியில்லை. அழுத்தம் இல்லாமல் கசிவு தன்னைக் காட்டாது. கழற்றிய பிறகு கையில் மிஞ்சுவது ஒரு பழைய கேஸ்கெட். ஓடித் தேய்ந்த எந்தக் கேஸ்கெட்டும் அங்கங்கே கருத்து, ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்துதான் இருக்கும். "பாருங்க, இங்கதான் போயிருக்கு" என்று அதில் எந்த இடத்தை வேண்டுமானாலும் விரலை வைத்துக் காட்டலாம்.

எங்களுடையது ஒற்றை லாரிக் குடும்பம். ஆறு சிலிண்டர் வண்டி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றிக்கொண்டிருந்ததைப் பழைய விலைக்கு வாங்கியது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் சிப்பங்களை ஏற்றி, கிடங்குக்கோ சரக்கு ரயிலுக்கோ கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. தை, மாசி இரண்டு மாதமும் வண்டி நிற்கக் கூடாது. அப்படி ஒரு தையில்தான் ரேடியேட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. வெளியே எங்கும் சொட்டவில்லை. ஆயில் ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. ஆயில் குறைவது வாடிக்கை. ஏறுகிறது என்றால் வேறு ஏதோ உள்ளே வந்து சேர்கிறது என்று அர்த்தம். சீக்கிரமே நிறமும் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்துவிட்டது.

முதலில் போன பட்டறையில் அன்றைக்கே ஹெட் இறங்கியது. ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாகச் சீவி (ஃபேஸிங் அடித்து), புதுக் கேஸ்கெட் போட்டு, ஆயில் மாற்றி அனுப்பினார்கள். புது ஆயில் பளபளவென்று இருந்தது. சில வாரங்களில் மறுபடியும் வெளுத்தது. திரும்பக் கொண்டுபோனபோது "கேஸ்கெட் டூப்ளிகேட்டா இருந்திருக்கும், இன்னொரு தடவை இறக்கிடலாம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்தில் பழைய வண்டிகளுக்குப் பேர்போன ஒரு மேஸ்திரியிடம் விட்டேன். நான் சொல்ல வந்தது அவரிடம் பார்த்த வேலையைப் பற்றித்தான்.

ஸ்பேனர் எடுக்காத காலை

மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்விகளாகக் கேட்டார். தண்ணீர் லோடில் ஓடும்போது குறைகிறதா, ராத்திரி நிறுத்திக் காலையில் பார்க்கும்போது குறைந்திருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை, இனிப்பு வாடை உண்டா? ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? கடைசியாக ஒன்று கேட்டார்: "தம்பி, இதுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. அதைத் தெரிந்துகொண்டால் லாரி வைத்திருக்கும் யாரும் பட்டறையில் ஏமாற வேண்டியதில்லை. தண்ணீரும் ஆயிலும் சந்திக்க ஒரு டீசல் இன்ஜினில் சில இடங்கள்தான் உண்டு. ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், ஹெட்டில் அல்லது பிளாக்கில் விரிசல், இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள செம்புக் குழல், பிஸ்டன் ஓடும் குழலான லைனர், தண்ணீர் நேராகத் தொடும் வெட் லைனராக இருந்தால் அதுவும் அதன் அடியில் அடைப்பாக இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகளும். தண்ணீரால் குளிரும் ஏர் கம்ப்ரஸர் இருக்கும் வண்டியில் அதுவும் ஒரு வழி. இவை எல்லாமே ஒரே மாதிரிக் கசிவதில்லை.

தண்ணீரைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரை எடுத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது ஆயிலின் அழுத்தம் மூன்று நான்கு பார் இருக்கும். தண்ணீர்ப் பக்கம் ரேடியேட்டர் மூடி அனுமதிக்கும் அளவுதான், 0.7, 0.9 பார் என்று மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள். அதனால் கூலர் ஓட்டையானால் ஓடுகிற நேரத்தில் ஆயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூட்டில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ஆகக் கூலர் பழுதானால் ரேடியேட்டரிலும் எண்ணெய் தெரிய வேண்டும். எங்கள் ரேடியேட்டரில் ஒரு துளி எண்ணெய் கிடையாது. மேஸ்திரி அதைக் கேட்டதும் விரலை விட்டு மூடியின் அடியைத் தடவி முகர்ந்து பார்த்தார். கூலர் அவர் சந்தேகத்தில் கடைசிக்குப் போனது.

கேஸ்கெட்டோ ஹெட்டோ டீசல் எரியும் அறைப் பக்கமாகப் போயிருந்தால் வேறு அடையாளம். எரியும் வாயு தண்ணீருக்குள் புகும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, பிறகு அழுத்தம் எங்கிருந்து வந்தது? ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடி போடாமல் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் விடாமல் குமிழி கிளம்பும். ஆரம்பத்தில் சிக்கியிருந்த காற்று கொஞ்சம் வரும், நின்றுவிடும். நிற்காமல் வந்தால்தான் கவலை. எங்கள் வண்டியில் ஹோஸ் கைக்குப் பிசைந்து கொடுத்தது, குமிழியும் இல்லை.

எந்த இன்ஜின் என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டர் இன்ஜினில் தனி லைனரே கிடையாது, பிளாக்கிலேயே துளை கடைந்திருக்கும். அதில் போய் லைனர் ஓ ரிங்கைச் சந்தேகப்படுவது வீண். அதன் ஆயில் கூலரும் ஃபில்டர் மாட்டும் இடத்துக்குப் பின்னால் பிளாக்கின் தண்ணீர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில், புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் கூலர் இருந்து அது கசிந்தால், ஆயில் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மாயமாகக் குறையும். அது புகையோடு போய்க்கொண்டிருக்கும். எங்களுடையது வெட் லைனர் வண்டி.

மூடிக்கடியில் வெள்ளை

இதற்கு நேர்மாறான அவசரமும் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் வெள்ளையாகப் பிசுபிசுப்பு தெரிந்ததுமே "தண்ணி இறங்கிடுச்சு" என்று பதறுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் டெல்டாவில் நெல் லாரி ஓடும் விதத்தை யோசித்துப் பாருங்கள். விடியற்காலைப் பனி மூட்டத்தில் ஸ்டார்ட் செய்கிறோம். கொள்முதல் நிலையத்திலிருந்து ரயில் நிலையம் கூப்பிடு தூரம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் அங்கே ஐடிலில் நின்றாக வேண்டும். கிடங்கு வாசலில் வரிசை, அப்படியே நகர்ந்து நகர்ந்து ஒரு பொழுது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடும் நேரமே இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரமும் எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவியும் மேலே குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு குழைந்து வெள்ளையாகிறது. ஆயில் ஸ்டிக் சுத்தமாக இருந்து, மட்டம் ஏறாமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறையாமல் இருந்தால் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். லோடு ஏற்றித் திருச்சி வரை ஒரு முறை நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் போயிருக்கும். இதற்காக ஹெட் இறக்கிய வண்டிகளை எனக்குத் தெரியும்.

நிஜமாகவே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி இரண்டு வழி வைத்திருந்தார். வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமலேயே, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் நட்டை மெதுவாகத் தளர்த்துவது ஒன்று. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும், முதலில் அதுதான் வரும். ஆனால் ஆயிலோடு நன்றாகக் குழைந்துவிட்ட தண்ணீர் சீக்கிரம் பிரியாது. அதற்கு இரண்டாவது வழி: இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு ஆயிலை விடுவது. சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தால்கூடப் பொரியும், வெடிக்கும். எங்கள் ஆயில் தகட்டில் படபடவென்று வெடித்தது. தண்ணீர் இருக்கிறது என்பதில் இனிச் சந்தேகமில்லை.

சாயங்காலம் வராத சொட்டு

பழைய தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டுப் பச்சைக் கூலண்ட் ஊற்றச் சொன்னார். வெறும் தண்ணீர் எங்கே கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பச்சை தெரியும் என்றார். இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, ஆயிலை இறக்கி, சம்பைக் கழற்றினார். ஹெட்டைத் தொடவில்லை. பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் டியூப் வால்வு பொருத்தி, மீட்டரும் வைத்து அவரே செய்திருந்த ஒரு கருவியை மாட்டி, கைப் பம்பால் மூடியில் எழுதியிருந்த அளவுக்குக் காற்று ஏற்றினார். அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கவில்லை. அளவுக்கு மேல் ஏற்றினால் ரேடியேட்டரே பிய்ந்துகொள்ளும். பிறகு டார்ச் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். லைனர்களின் அடி விளிம்பு வரிசையாகத் தெரிந்தது. ஒரு சொட்டும் இல்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. ஒன்றுமில்லை.

எனக்கு மனசு விட்டுப்போனது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கையை உதறிவிட்டு ஹெட் நட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டியிருப்பார்கள். மேஸ்திரிக்கு அது ஏமாற்றமாகவே படவில்லை. "சூட்டுல காட்டலேன்னா குளுந்ததும் காட்டும். நீங்கதானே ராத்திரி நின்னா குறையுதுன்னு சொன்னீங்க?" என்றார். ஹெட்டில் விரிசல் என்றால் சூட்டில் விரிந்து கசியும், ஆறினால் மூடிக்கொள்ளும். இறுகிப்போன ரப்பர் ஓ ரிங் அப்படியில்லை. சூட்டில் உலோகம் விரிந்து ரப்பரைப் பிடித்து அமுக்கும்போது அடைத்துக்கொள்ளும், குளிர்ந்து சுருங்கும்போது வழிவிடும். நான் சொன்ன பதிலை அவர் மறக்காமல் வைத்திருந்தார். சம்ப் இருந்த இடத்துக்கு நேர் கீழே செய்தித்தாள்களை விரித்து, எந்தத் தாள் எந்த சிலிண்டருக்கு அடியில் என்று பென்சிலால் எண் போட்டு, காற்றை அப்படியே பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தது. ஐந்தாம் எண் தாளில் எண்ணெய்ப் பொட்டுகளுக்கு நடுவே பச்சை. மறுபடி காற்றேற்றி அடியில் படுத்தோம். ஐந்தாவது பிஸ்டனை மேலே ஏற்றி, லைனரின் உள்சுவரைத் துணியால் துடைத்துக் காயவைத்து உற்றுப் பார்த்தார். உள்சுவர் காய்ந்தே இருந்தது. உள்ளே வழிந்திருந்தால் லைனரில் ஓட்டை, அல்லது மேலே கேஸ்கெட் என்று நினைக்க வேண்டியிருக்கும். சொட்டு ஊறி ஊறித் திரண்டது லைனரின் வெளிப்பக்கத்தில், பிளாக்கில் அது உட்காரும் இடத்தில். ஓ ரிங்தான். மேஸ்திரி டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க தம்பி, நாளைக்கு என்மேல சந்தேகம் வேணாம்" என்றார். இத்தனை நாளும் வண்டியை விட்டுவிட்டு வந்தபின் எந்தப் பட்டறையிலும் எனக்கு இப்படி ஒரு இடத்தைக் காட்டியவர் இல்லை.

இதற்குப் பிறகு ஹெட் இறங்கத்தான் செய்தது. ஹெட்டை எடுக்காமல் லைனரை உருவ முடியாது. "எப்படியும் இறங்கப்போற ஹெட்டுதானே, முதல்லயே இறக்குனா என்ன?" என்று என் மச்சான்கூடக் கேட்டார். முதல் பட்டறையில் இறக்கினார்களே, என்ன கிடைத்தது? மேலே கேஸ்கெட்டைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள். கீழே இருக்கும் ரப்பர் மேலேயிருந்து தெரியாது. இன்னொன்றையும் மேஸ்திரி சொன்னார். ஹெட் இல்லாத நேரத்தில் வெட் லைனரை அமுக்கிப் பிடிக்க எதுவுமில்லை. அதற்கென்று பிடிப்பு போட்டுப் பூட்டாமல் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் கூடவே தூக்கும். அடியில் ஏற்கெனவே இறுகியிருக்கும் ரப்பர் அசைந்தால் அவ்வளவுதான், அதுவரை அரைகுறையாக அடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடும். கசிவைத் தேடப்போன வேலையே கசிவைப் பெரிதாக்கியிருக்கலாம்.

உப்பு

லைனரை உருவியதும், அவர் முதலில் கேட்ட தண்ணீர்க் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. ஓ ரிங்குகள் தட்டையாகி, வளைத்தால் ஒடியும் நிலையில் இருந்தன. அவை உட்காரும் காடியில் துருவும் வெள்ளைப் படிவும். லைனரின் வெளிச்சுவரில், பிஸ்டன் பவர் ஸ்ட்ரோக்கில் போய் மோதும் பக்கமாக மட்டும், நுண்ணிய குழிகள். பிஸ்டன் அறையும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. அதைத் தொட்டு நிற்கும் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடையும் வேகத்தில் இரும்பைத் துளித்துளியாகப் பெயர்க்கின்றன. நல்ல கூலண்டில் இருக்கும் மருந்து, இரும்பின்மேல் ஒரு காப்புப் படலம் கட்டி இதைத் தடுக்கும். வெறும் தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை. போர் தண்ணீரில் காப்பும் இல்லை, அதன்மேல் உப்பும் சேர்கிறது.

வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் நிலத்தடி நீர் எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யத்து மக்கள் குடிக்கக் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தாக வேண்டியிருக்கிறது. மனிதர் வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரைத்தான் வழியில் எந்த மோட்டார் கொட்டகையில் கிடைத்தாலும் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். இந்த வண்டி பல வருஷம் அதைக் குடித்திருக்கிறது. சூட்டில் அதிலுள்ள சுண்ணாம்பு லைனரைச் சுற்றிப் படிந்து வெப்பம் வெளியேறாமல் மறிக்கும், குளோரைடு இரும்பை அரிக்கும். பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் டயரையும் பெயிண்டையும் பார்ப்பதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உள்ளே செந்நிறத் தண்ணீரும் விளிம்பில் வெள்ளைப் படிவும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஆறு லைனர்களையும் மாற்றினோம். பிளாக்கில் ரிங் உட்காரும் இடத்தைச் சுத்தப்படுத்தி, அரிப்பு எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் புது லைனரை இறக்கினார். இறக்கியதும் ஒவ்வொரு லைனரும் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்தார். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் அந்த அளவு. அது சரியாக இல்லாவிட்டால் எத்தனை ஒரிஜினல் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. கிராங்கைத் தாங்கும் பேரிங் செல்களையும் திறந்து பார்த்தார். தண்ணீர் கலந்த ஆயில் படலம் கட்டாது; மேல் பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அவற்றையும் மாற்றியாயிற்று. முதல் ஆயிலைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டோடு வடித்து, ஃபில்டரோடு மறுபடி மாற்றச் சொன்னார். வழிகளில் தங்கிய பழைய குழைவு அப்போதுதான் வெளியே வரும்.

பார்க்கும் கூலி

கணக்கு முடிக்கும்போது மேஸ்திரி பில்லில் "பார்த்த கூலி" என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். நான் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அவருக்கே ஆச்சரியம். "கழட்டுனா கூலி கொடுக்குறாங்க தம்பி. கழட்டாம கண்டுபிடிச்சா, 'என்ன செஞ்சீங்க, படுத்துப் பார்த்தீங்க, அவ்வளவுதானே'ன்னு கேக்குறாங்க. அப்ப எல்லாரும் கழட்டத்தானே செய்வாங்க?" என்றார்.

முதல் பட்டறைக்காரர் மேலிருந்த என் கோபத்தில் பாதி அங்கே இடம் மாறியது. ஒரு சாயங்காலமும் ஒரு ராத்திரியும் ஒரு காலையும் பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நிற்கிறது, ஒரு நட்டுகூடக் கூலிக்கு உரியதாகக் கழலவில்லை என்றால் அவர் எப்படிப் பொறுமையாக இருப்பார்? லோடு நிற்கிறது என்று உரிமையாளர்களாகிய நாமும் போனில் அரை மணிக்கொரு தரம் விரட்டுகிறோம். சீசன் நேரத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் எவ்வளவு போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தவறான இடத்தைத் திறந்ததற்கு நான் கொடுத்தது ஃபேஸிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து. அதன்பிறகு வெளுத்த ஆயிலில் ஓடித் தேய்ந்த பேரிங் தனி. மேஸ்திரி கேட்ட பார்த்த கூலி அந்த ஆயில் விலைக்குக்கூட ஈடாகாது.

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களிடம் இப்போது இரண்டு விஷயம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆயிலில் தண்ணீர் என்று பட்டறைக்குப் போனால், அழுத்தம் ஏற்றிப் பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கூலி உண்டு, அதற்குப் பிறகுதான் ஹெட் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். அப்புறம், மூடி மீட்டரோடு ஒரு நல்ல பிரஷர் டெஸ்டர் செட்டைப் பொதுவில் வாங்கி மேஸ்திரி பட்டறையில் வைத்துவிட வேண்டும். சிலர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், சிலர் அவரவர் மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். குறுவை நெல் வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று பணம் வசூலிக்க ஆரம்பித்திருக்கிறேன்.